காரைக்குடி லேத் பட்டறை: பழைய மாஸி பெர்குசன் இன்ஜின் வேலை கொடுத்த அனுபவம்

பழைய டிராக்டரை வீட்டிலேயே பிரித்துச் சரி பண்ண இறங்குகிற எல்லோரும் ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். ஸ்பேனர் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம், துரு எடுக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். ஆனால் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடுகிற குழல்) போரிங், கிராங்க் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு) கிரைண்டிங், வால்வு சீட் என்று மெஷினில் ஏற்ற வேண்டிய வேலையை யாரை நம்பிக் கொடுப்பது? எங்கள் வீட்டு மாஸி பெர்குசனுக்கு அந்த வேலைகளை எல்லாம் காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வாங்கினேன். இந்தப் பக்கம் பழைய இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் விசாரித்துக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவகோட்டை ரஸ்தா பக்கம் எந்த டிராக்டர் மெக்கானிக்கைக் கேட்டாலும் வழி சொல்வார். உள்ளே ஒரு பெரிய லேத், ஒரு போரிங் மெஷின், ஒரு கிராங்க் கிரைண்டர், ஒரு பிரஸ், அவ்வளவுதான். அறுபது வயதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் நடத்துகிறார், அவருடைய மாப்பிள்ளையும் ஒரு பையனும் கூட நிற்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வெட்டுவதற்கு முன்னால் அளக்கிறார்கள். அளப்பதை நம் கண்முன்னால் அளக்கிறார்கள், அளவைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். பழைய இன்ஜினுக்கு இதைவிட முக்கியமான சேவை எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்ல வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுடையது மாஸி பெர்குசன் 35 வரிசை, மூன்று சிலிண்டர் டீசல். ஐயா வாங்கியது. புதுவயல் பக்கம் கண்மாய்ப் பாசன நிலத்தில் புழுதி உழவு, சேற்று உழவு, அறுப்பு முடிந்ததும் மில்லுக்கு நெல் மூட்டை என்று எல்லாவற்றையும் பார்த்த வண்டி. இந்த வண்டியின் பூர்வீகம் தெரிந்தவர்களுக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு. கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளியில் கோத்து ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிற முறையை வயலுக்குக் கொண்டுவந்தவர் ஹாரி பெர்குசன். 1953-இல் அவருடைய கம்பெனி கனடாவின் மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது, 1958-இல் பெயர் மாஸி பெர்குசன் என்று ஆனது. 35 என்கிற மாடல் 1956-இல் வந்தது. இங்கே மாஸி பெர்குசன் வண்டிகளைச் செய்த டாஃபே கம்பெனி சென்னையில் 1960-இல் தொடங்கியது, அதிலிருந்து வந்த வண்டிகள்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாதி நிலத்தை உழுதிருக்கும் என்று தோன்றுகிறது. இன்ஜின் பெர்கின்ஸ் வடிவமைப்பு. இன்ச் கணக்கில் பிறந்தது: துளை 3.6 இன்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 5 இன்ச், மில்லிமீட்டரில் சொன்னால் 91.44-க்கு 127, மொத்தம் 2.5 லிட்டர். இந்த அளவுகளை மனப்பாடமாக வைத்திருக்கிற பட்டறையா, இல்லை புத்தகத்தைத் தேடுகிற பட்டறையா என்பது முதல் பேச்சிலேயே தெரிந்துவிடும். இந்த அண்ணன் "முப்பத்தஞ்சா, பத்து முப்பத்தஞ்சா?" என்று, 35-ஆ 1035 மாடலா என்று கேட்ட கையோடு துளை அளவைச் சொன்னார்.

வண்டி பல வருஷம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றதில் இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பழைய இரும்புக்காரர்கள் எடைக்குக் கேட்டார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஹெட்லைட், ஸ்டீயரிங், மீட்டர் மட்டும் போதும் என்றார். இந்த ஊர்களில் எத்தனையோ பழைய செட்டிநாட்டு வளவு வீடுகளைத் தூண் தனியாக, நிலைக்கதவு தனியாகப் பிரித்து லாரியில் ஏற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வீட்டுக்கு நடந்ததை வண்டிக்கும் நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பா மகனும் நானும் சேர்ந்து பிரிக்கத் தொடங்கினோம்.

வீட்டில் பிரிப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிக்குச் சேஸிஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு முறுக்கியதுதான் வண்டியின் முதுகெலும்பு. அதனால் கிளட்ச் பிளேட் மாற்றக்கூட வண்டியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். முன் ஆக்சில் நடுவில் ஒற்றைப் பின்னில் ஆடுகிற அமைப்பு என்பதால், பிரித்த உடனே முன்பாதி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பிரிப்பதற்கு முன்னால் ஆக்சிலுக்கும் மேலே உள்ள வார்ப்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். கீழே ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வேண்டும். இன்ஜினைத் தூக்கச் செயின் பிளாக்கைப் பைப் முக்காலியில்தான் தொங்கவிட வேண்டும். கொட்டகை உத்திரத்தில் மாட்டாதீர்கள், அது தேக்காகவே இருந்தாலும்.

துரு விஷயத்தில் நான் கம்பி பிரஷை அதிகம் நம்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா, ஒரு 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவில், பழைய இரும்புத் தகடு ஒன்றைப் பாசிட்டிவில் மாட்டி, இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் முங்கவைத்து விட்டுவிட்டால், துரு இளகி விழும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும். காரைக்குடிக்காரர்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊரில்தான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதே அங்கே ஒரு பெரிய படிப்பு. வீட்டில் செய்யும்போது மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் மாட்டக் கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியப் பாகத்தை உள்ளே போடக் கூடாது, சோடா அதைத் தின்றுவிடும். குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைத்து, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் மாதிரி கடினமான சின்னப் பாகங்களையும் போடாமல் இருப்பது நல்லது. வெளியே எடுத்ததும் துடைத்துக் காயவைத்து உடனே பிரைமர் அடித்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில்கூட மாலைக்குள் மறுபடியும் செம்பூத்துவிடும்.

சரி, இப்போது பட்டறைக்கு வருகிறேன்.

பிடித்துக்கொண்ட இன்ஜினில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்து, ஃப்ளைவீல் பல்லில் நெம்பி மெல்ல அசைத்துப் பிஸ்டன்களை வெளியே எடுத்த பிறகு, பிளாக், கிராங்க், கனெக்டிங் ராடுகள், ஹெட் எல்லாவற்றையும் ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அதற்கு முன்னால் வேறொரு பட்டறையில் விசாரித்திருந்தேன். அங்கே கிராங்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, "முப்பது போட்ரலாம், ஹெட்டை ஒரு கட்டிங் எடுத்துரலாம்" என்றார்கள். மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. முப்பது என்றால் ஜர்னலில், அதாவது கிராங்க்கில் பேரிங் உட்காருகிற உருண்டைப் பகுதியில், இன்ச்சில் ஆயிரத்தில் முப்பது பங்கைத் தேய்த்து எடுத்துவிட்டு அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவது. கிராங்க்கில் பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடியும், இறங்கியதை ஏற்ற முடியாது. இந்த மாதிரிப் பழைய கிராங்க்குக்கு அடுத்து ஒரு முறை வேலை வந்தால் செய்வதற்கு இடம் மிச்சம் வைக்க வேண்டாமா? பார்வையிலேயே முப்பது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த அண்ணன் முதலில் எதையும் சொல்லவில்லை. கிராங்க்கைத் துடைத்து, மரக்கட்டையில் சும்மா சாய்த்துவைக்காமல் வி-பிளாக் இரண்டின் மேல் வைத்து, நடு ஜர்னலில் டயல் கேஜை நிறுத்திக் கையால் சுற்றினார். வளைவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். முள் அசைந்தது தெரியாத அளவுக்குத்தான் அசைந்தது. "கிராங்க் நேரா இருக்கு தம்பி, இனி மத்ததைப் பார்ப்போம்" என்றார். அப்புறம் மைக்ரோமீட்டரை எடுத்து, ஒவ்வொரு ஜர்னலையும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, இடது ஓரம், வலது ஓரம் என்று அளந்து அளந்து சொல்ல, மாப்பிள்ளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மெயின் ஜர்னல்கள் நான்கும் இன்னும் ஸ்டாண்டர்டு அளவிலேயே இருந்தன, தேய்வு ஆயிரத்தில் ஒன்றைத் தொடவில்லை. ராடு மாட்டுகிற பின்கள் முன்பு யாரோ ஒரு முறை பத்துக்கு இறக்கியிருக்கிறார்கள், இப்போது முட்டை வடிவில் மூன்று தௌ (தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்ந்திருந்தன. ஆக, மெயினுக்குப் பாலிஷ் மட்டும், பழைய அளவு பேரிங்கே போதும். பின்களை இருபதுக்கு இறக்கினால் போதும். முப்பதுக்கு வேலையே இல்லை.

அந்த நோட்டுத் தாளின் நகலை எனக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு என் பிள்ளைகள் இந்த இன்ஜினைப் பிரித்தால், எது எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துதான் பிரிப்பார்கள்.

கிராங்க்கில் விரிசல் பார்த்த விதமும் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ஊர்களில் காந்தப் பொடி போட்டுப் பார்ப்பார்கள். இங்கே பழைய முறை: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகக் காட்டும். கோடு எதுவும் வரவில்லை. காந்தச் சோதனை அளவுக்கு நுட்பமான விரிசலை இது பிடிக்காது, அதை அவரே சொன்னார், சந்தேகம் இருந்தால் வெளியே அனுப்பலாம் என்றும் சொன்னார். கிரைண்டிங் முடித்த பிறகு ஜர்னலின் இரண்டு ஓரத்திலும் உள்ள வளைவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த ஓரம் வளைந்து இறங்க வேண்டும். மூலையாகச் சீவிவிட்டால் கிராங்க் முறிவது அங்கேதான் தொடங்கும். விரலை வைத்துப் பார்த்தேன், நுங்கின் உள்பக்கம் மாதிரி வழுவழுவென்று இறங்கியது. எண்ணெய்த் துளைகளின் வாயையும் கூர் போக உருட்டியிருந்தார்கள்.

பிளாக் வேலை. இந்த இன்ஜினில் இருப்பது டிரை ஸ்லீவ், அதாவது தண்ணீர் ஸ்லீவைத் தொடாது. பிளாக் துளைக்குள் மெல்லிய ஸ்லீவை இறுக்கி ஏற்றியிருப்பார்கள். போர் கேஜைத் துளையில் இறக்கி மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்தார்கள். மேல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் எட்டு தௌ தேய்வு, கீழே இரண்டுதான். துருக் குழியும் விழுந்திருந்தது. ஸ்லீவ் மாற்றியே ஆக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. பழைய ஸ்லீவைப் பிரஸ்ஸில்தான் வெளியே தள்ளினார்கள், சுத்தியலும் கம்பியும் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் பிளாக்கின் தாய்த் துளையை மறுபடியும் அளந்தார்கள், அது உருண்டையாக இல்லாவிட்டால் புது ஸ்லீவும் அதே கோணலில்தான் உட்காரும். இதைச் சில இடங்களில் செய்வதே இல்லை. புது ஸ்லீவை ஏற்றி, போரிங் போட்டு, கடைசியில் ஹோனிங்கில், அதாவது கல்லால் தேய்க்கிற வேலையில், குறுக்கு நெடுக்காகக் கோடு விழ வைத்தார்கள். அந்தக் கோடுகள்தான் ஆயிலைப் பிடித்துவைக்கும், புது ரிங்கும் அதில்தான் உட்காரும். ஸ்லீவ் மேல் விளிம்பு பிளாக் முகத்திலிருந்து எவ்வளவு நிற்கிறது என்று மூன்றையும் அளந்து எழுதினார்கள், ஹெட் கேஸ்கெட் ஊதாமல் இருப்பது அதைப் பொறுத்தது.

பிளாக்கை வண்டியில் ஏற்றும்போது அண்ணன் கண்டிப்பாகச் சொன்னது: வீட்டுக்குப் போனதும் சோப்புத் தண்ணீரைச் சூடுபண்ணி, பிரஷ் போட்டுத் துளைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டீசல் ஊற்றிக் கழுவினால் ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும், அது ரிங்கை அரைத்துவிடும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். நாங்கள் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, துணி சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும் வரைக்கும் கழுவினோம். கழுவி முடித்ததும் உடனே ஆயில் பூசிவிட வேண்டும்.

ஹெட்டைப் பொறுத்தவரை நான் கட்டிங்குக்கு, அதாவது அதன் முகத்தைச் சமமாகச் சீவுவதற்கு, தயாராகத்தான் போனேன். நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகடை நுழைத்துப் பார்த்தார். மூலைக்கு மூலை, குறுக்கே, நெடுக்கே எல்லாம் பார்த்துவிட்டு, "தேவையில்லாம எதுக்கு எடுக்கணும், சமமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். கட்டிங் போட்டிருந்தால் அவருக்கு ஒரு கூலி. வேண்டாம் என்று சொன்னதால் என் மனதில் அந்தப் பட்டறை உயர்ந்து நின்றது. வால்வு கைடு மட்டும் ஆட்டம் கொடுத்தது, மாற்றினார்கள். சீட் பிடித்து, வால்வு முகத்தைக் கிரைண்ட் பண்ணி, தலைகீழாகக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று காட்டினார்கள். ராடுகளின் சின்ன முனைப் புஷ்களை மாற்றி, பிஸ்டன் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்கும் அளவுக்கு ரீமர் போட்டதும் அங்கேதான்.

டீசல் பம்ப் வேலை இங்கே கிடையாது. அதையும் அவர்களே வாங்கி வெளியே கொடுத்துக் கமிஷன் பார்த்திருக்கலாம். "அது பம்ப் ரூம் வேலை, நீங்களே கொண்டுபோங்க, டெஸ்ட் பெஞ்ச்சில் வச்சு உங்க முன்னாடி காட்டச் சொல்லுங்க" என்றார். எங்கள் வண்டியில் இருப்பது சி.ஏ.வி. டி.பி.ஏ. பம்ப். ஒரே பம்பிங் பகுதி, சுற்றுகிற ரோட்டர் ஒன்று மூன்று சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பங்கிட்டு அனுப்பும். அதற்கு டீசலே மசகு. பல வருஷம் நின்ற வண்டியில் டீசல் பிசினாகி அந்த ரோட்டர் பிடித்திருக்கும். அது தெரியாமல் செல்ஃப் அடித்தால் உள்ளே தண்டு முறியும். அதனால் நின்றுபோன வண்டி எதற்கும் முதலில் பம்ப்பைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்ப்பது உத்தமம். ரோட்டரும் அது உட்காருகிற ஹெட்டும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. நாசில் டெஸ்ட் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தெளிப்புக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும்.

இனி குறைகள். காலம் தவறும். சொன்ன தேதிக்கு வேலை முடியும் என்று எண்ணிப் போகாதீர்கள். மழை விழுந்து உழவு தொடங்கிவிட்டால் வயலில் நிற்கிற வண்டிகளுக்குத்தான் முதலிடம், அரிசி மில் ஷாஃப்ட் முறிந்து வந்தால் அதற்கு அடுத்த இடம், நம்மைப் போல ஆசைக்கு வண்டி கட்டுகிறவர்கள் கடைசி. அதில் எனக்கு வருத்தமில்லை, உழவு நிற்கிறவருக்கு ஒரு நாள் என்பது ஒரு போகத்தையே பாதிக்கும். ஆனால் தாமதம் என்று ஒரு போன் செய்து சொல்லலாமே, அதைச் செய்வதில்லை. நாம் அடித்தாலும் மெஷின் ஓடுகிற சத்தத்தில் எடுப்பதில்லை. நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்தோ திருச்சிப் பக்கத்திலிருந்தோ வருகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. விலையும் போனில் சொல்லமாட்டார்கள், பாகத்தை அளந்த பிறகுதான் சொல்வார்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அதுதான் நேர்மையான முறை என்று எனக்குப் படுகிறது. கூலி நான் விசாரித்த மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். தேவையில்லாத வேலைகளை அவர்கள் கழித்துவிட்டதால் மொத்தத் தொகை குறைந்தே வந்தது. இன்னொன்று, கிரைண்டிங் முடிந்த கிராங்க்கை ஆயில் பூசிச் சாக்கில் சுற்றித் தருகிறார்கள். சாக்கு நூல் எண்ணெய்த் துளையில் போய்விடும், நீங்களே சுத்தமான துணியும் பிளாஸ்டிக் உறையும் கொண்டுபோங்கள்.

வீட்டில் மாட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பட்டறை வேலையின் தரம் தெரிவது அங்கேதான். மெயின் கேப் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச்சில் முறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு கேப்புக்குப் பிறகும் ஒரே மாதிரி சுழன்றது, எங்கேயும் பிடிக்கவில்லை. பிஸ்டன்கள் ரிங் கம்ப்ரஸரோடு மரக் கைப்பிடி தட்டலில் இறங்கின. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில், ஒரே மூச்சில் முறுக்காமல் படிப்படியாக முறுக்கினோம். டப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்துகிற கைக்கும் நடுவில் விடுகிற இடம்) இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ, அதாவது 0.30 மில்லி. பயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-2-3, குழம்ப வழியே இல்லை. டீசலை மூடிவைத்துவிட்டு ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை செல்ஃப்பில் சுற்றினோம். அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது டீசல் பாதையில் உள்ள காற்றை வெளியேற்றுவது: ஃபில்டர், பம்ப்பில் உள்ள இரண்டு ஸ்க்ரூ, கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டுகள் என்ற வரிசையில், குமிழ் இல்லாத டீசல் வரும் வரை.

இன்ஜின் எழுந்தது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு ஊறவைத்த ஆயில் எரிகிற வாடை, கொஞ்ச நேரத்தில் சுத்தமாகிவிட்டது. மூன்று சிலிண்டருக்கே உள்ள அந்தத் தாளம் கொட்டகையில் கேட்டதும் எதிர் வீட்டு ஆச்சி முகப்பிலிருந்து எழுந்து வந்து, "உங்க ஐயா வண்டியா அது?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டியதில்லை.

புது ரிங் போட்ட இன்ஜினை ஐடிலில் நெடுநேரம் ஓடவிடாதீர்கள், ரிங் உட்காராமல் ஸ்லீவ் கண்ணாடி மாதிரி ஆகி ஆயில் குடிக்கத் தொடங்கும். அளவான சுமை கொடுக்க வேண்டும். நாங்கள் ஐந்து கொத்துக் கலப்பையை மாட்டி, மழைக்கு இளகியிருந்த செம்மண்ணில் மெல்ல ஓட்டினோம். சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளையும் டப்பெட்டையும் மறுபடியும் பார்த்தோம். கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் லிஃப்ட் தூக்கவில்லை என்று அவசரப்பட்டு மேல் கவரைக் கழற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் கியர் ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது, பி.டி.ஓ. தண்டு (இன்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டுகிற கருவிக்குக் கொடுக்கிற தண்டு) சுற்றினால்தான் அதுவும் சுற்றும். அந்த லிவரைப் போட்டுவிட்டுப் பிறகு லிஃப்ட்டைச் சோதியுங்கள்.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. சிவப்பும் சாம்பலும்தான் அடிப்பேன், கலர் மாற்ற மாட்டேன். பளபளப்புக்கு முதலில் பணத்தைப் போட்டுவிட்டு உள்ளே பழைய பேரிங்கோடு கண்காட்சிக்கு நிறுத்துகிற பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஓடுகிற வண்டியாக இருந்தால்தான் அது டிராக்டர்.

இந்தப் பட்டறை யாருக்குச் சரிப்படும் என்றால், நேரில் நின்று அளவைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஆசை இருக்கிறவர்களுக்கு, அவசரம் இல்லாதவர்களுக்கு. மாஸி மட்டும் இல்லை, எச்.எம்.டி., ஃபோர்டு, பழைய மகேந்திரா வண்டிகளின் பாகங்களும் வரிசையில் கிடந்தன. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற நிலையில் திரும்ப வாங்க வேண்டும் என்பவர்கள் இங்கே வர வேண்டாம், இவர்கள் மெஷின் வேலை மட்டும்தான் செய்வார்கள், பிரிப்பதும் மாட்டுவதும் நம் பாடு. ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், குறைத்த அரை போனை எடுக்காததற்கு.

போகிறவர்கள் பாகங்களை முதலில் கழுவிக்கொண்டு போங்கள், அழுக்கோடு போனால் அளக்க மாட்டார்கள். மெயின் கேப்புகளையும் ராடு கேப்புகளையும் எந்த இடத்தினுடையது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குத்துப் புள்ளி வைத்து, கையோடு கொண்டுபோங்கள். கேப் இல்லாமல் துளையை அளக்க முடியாது. பழைய பேரிங்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதுகில் அச்சடித்திருக்கிற எண்ணை வைத்துத்தான் முன்பு எந்த அளவுக்கு இறக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறார்கள். ஸ்லீவும் பிஸ்டனும் முன்கூட்டியே வாங்க வேண்டாம், அளந்த பிறகு அவர்கள் எழுதித் தருகிற சீட்டை வைத்து வாங்கிக்கொள்ளலாம். காலையில் சீக்கிரம் போனால் அண்ணனோடு பேச நேரம் கிடைக்கும், பத்து மணிக்கு மேல் கிரைண்டர் ஓடத் தொடங்கிவிடும்.